ஏச மறுத்த குழாய்

அம்மன் கோயில் பங்குனிக் கொடைத் திருவிழா முடிந்து பந்தல்காரர்கள் மூங்கில் கால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில், எங்கள் தெருமுக்கு வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் இனி யாரையும் ஏசுவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டது. அந்தத் தீர்மானத்தை அது யாரிடமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மன் கோயில் வாசலில் மிச்சப் பொங்கலுக்குக் காக்கைகள் சண்டைபோட்டுக்கொண்டிருந்தன, பந்தல்காரர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள், மைக்செட்காரன் தவசிமுத்து ஆம்ப்ளிஃபயரை அணைக்க மறந்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் சாக்குக்கடைக் கோமதிநாயகம் மைக்கைக் கையில் எடுத்தார். பழைய சாக்குகளை வாங்கி, உதறி, கிழிசலைத் தைத்து மறுபடி விற்கிற வியாபாரம் அவருக்கு. எந்த நேரமும் கையில் ஒரு கோணி ஊசி இருக்கும், எந்த நேரமும் வாயில் ஒரு குறை இருக்கும். சாம்பாரில் உப்பு, வெயிலில் சூடு, மழையில் ஈரம், கல்யாண வீட்டில் சத்தம், சாவு வீட்டில் சத்தம் போதாதது என்று உலகத்தில் எதுவும் அவருக்குச் சரியாக அமைந்ததில்லை. அவர் வருவதைப் பார்த்தால் தெருவில் பாதிப்பேர் எதையோ மறந்தவர்கள்போல வீட்டுக்குள் திரும்புவார்கள், மீதிப்பேர் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார்கள். என் சைக்கிள் கடையில் நானும் பலமுறை சக்கரத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இல்லாத பஞ்சரைத் தேடியிருக்கிறேன்.

கொடை நாளிலும் தெருவுக்குத் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை என்று, தண்ணீர் திறந்துவிடும் மாடசாமியை நாலுபேர் கேட்க ஏசவேண்டும் என்பது அன்று அவர் எண்ணம். மாடசாமி ஒரு சோம்பேறி, காலாகாலத்தில் கண்விழித்து வேலைக்கு வந்ததே கிடையாது என்று அவர் மைக்கில் சொன்னதை மரத்தடியில் நின்றவர்கள் நேராகவே கேட்டார்கள். ஆனால் மேலே குழாயிலிருந்து, அதே கோமதிநாயகத்தின் குரலில், அதே கரகரப்போடு, மேட்டுத்தெரு வரைக்கும் கேட்டது வேறு.

“மாடசாமி தண்ணியத் திறந்ததும் முதல்ல ஓடிப்போயி, கண்ணு தெரியாத பீர்மா வீட்டுக் குடத்த நெறைச்சு வச்சிட்டுத்தான் தன் வீட்டுக்கு ஒரு குடம் எடுக்கான்.”

கோமதிநாயகம் மைக்கைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மைக்கும் சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

தவசிமுத்து குழாயை இறக்கினான். துடைத்தான், உள்ளே குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்த்தான், ஸ்பீக்கர் காயிலை மாற்றினான், திரும்ப ஏற்றிக் கட்டி, நல்ல கெட்டியான வார்த்தைகளாகத் தேடித் தன் மச்சானை ஏசிப் பார்த்தான். சொந்த மச்சானை ஏசுவதில் அவனுக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் மச்சான் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை யாரோ வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு ஊர்வரைக்கும் நின்றே வந்ததைத்தான் குழாய் ஊருக்குச் சொன்னது. தவசிமுத்து தலையைச் சொறிந்தான். அது உண்மைதான், நானும் அந்த பஸ்ஸில்தான் வந்தேன் என்றான்.

அவனிடம் வேறு குழாய்களும் இருந்தன. அவை கொடுத்ததைக் கொடுத்தபடி சொல்லும் நல்ல பிள்ளைகள். இது ஒன்றுக்குத்தான் இந்தக் குணம். அம்மனின் வேலை என்று பூசாரி சொன்னார், மின்காந்தம் என்று சயன்ஸ் வாத்தியார் சொன்னார், வேப்பமரத்துக் காற்று என்று மாடசாமி சொன்னான். யார் சொன்னது சரி என்று முடிவு செய்ய எங்களுக்கு நேரமில்லை, அதற்குள் மைக்குக்கு முன்னால் ஆட்கள் வரிசை கட்டிவிட்டார்கள்.

மாமியாரை ஏச வந்த மருமகள் குழாய் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஆமா, நான் முழுகாம இருந்தப்ப புளிக்கொழம்பு வச்சுத் தந்தாங்க, அத நான் மறந்தே போயிட்டேன் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள். வரப்புச் சண்டையில் பேச்சுவார்த்தையற்றுப்போன அண்ணன் தம்பி இருவரும் மாறிமாறி ஏசிவிட்டு, கடைசியில் ஒரே குடையில் வீடு திரும்பினார்கள். வார்டு தேர்தல் வந்தது. ஒரு வேட்பாளர் விவரம் தெரியாமல் அதே குழாயை வாடகைக்கு எடுத்துத் தெருத்தெருவாக எதிராளியைக் கிழித்துக்கொண்டு போனார். அடிபட்ட கன்றுக்குட்டியை எதிராளி தோளில் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடிய கதையைக் குழாய் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. மறுநாள் எதிராளி அதே குழாயை எடுத்தார், இவரை ஏசப்போய் இவருடைய நல்லதைப் பரப்பினார். அந்த வருஷம் எங்கள் வார்டில் ஓட்டுப் போடுவதற்கு ரொம்பவும் யோசிக்க வேண்டியிருந்தது. தன்னைத்தானே புகழ்ந்து பேசியவர்களுக்கு மட்டும் குழாய் எதையும் சொல்லாது, பழைய மின்விசிறிபோல உம்மென்று ஒரு முனகல் போடும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரியும் ஒருநாள் போனாள். அப்போது அவள் உயிரோடு இருந்தாள். சட்டைப்பையைக் காலி பண்ணாமல் துவைக்கப் போடுகிற மனுஷன் என்று அவள் என்னைச் சொல்ல, குழாய் அவள் குரலில், நான் சாப்பிட உட்கார்ந்தா ஒயரச் சரிபண்ற மாதிரி ஃபேன என் பக்கம் திருப்பி வச்சிட்டுப் போவாரு என்றது. வீட்டுக்கு வந்தவள் அன்றைக்கு அப்பளம் பொரித்தாள்.

குழாய் சொன்னது எதுவும் பெரிய காரியமில்லை. யாரும் உயிரைக் கொடுத்தோ சொத்தைக் கொடுத்தோ யாரையும் காப்பாற்றியதாக அது சொன்னதே இல்லை. செய்தவனுக்கே மறந்துபோன சின்னச்சின்ன காரியங்கள்தான். இருந்தாலும் ஊர் அதைப் பழக்கமாக்கிக்கொண்டது. சம்பந்தம் பேசுகிறவர்கள் ஜாதகம் பார்ப்பதோடு குழாயும் பார்க்க ஆரம்பித்தார்கள். பெண் வீட்டாரைப் பற்றி அந்தத் தெருக்காரர்கள் நாலுபேர் மைக்கில் ஏச வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்து குழாய் சொல்வதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டும், பிறகுதான் பூ வைப்பது. ஜாதகம் பொருந்தினால் போதுமா, குழாய் பொருந்தியதா என்று பஸ்ஸில் பெண்கள் பேசிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன்.

கோமதிநாயகத்துக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. தவசிமுத்து உள்ளே டேப்பை ஒளித்துவைத்திருக்கிறான் என்றார். இப்படியே போனால் சாக்கடை அடைத்துக்கொண்டால்கூட வாய்திறக்க ஆளிருக்காது என்றார். ஆனால் ஏசுவதற்கு அவரைவிட ஆர்வமாக மைக்குக்கு வந்தவரும் கிடையாது. வந்து யாரையாவது வறுத்தெடுப்பார். குழாய் அவர் குரலில் அந்த ஆளைப் பற்றி அப்படியொரு அருமையான சங்கதியைச் சொல்லும். மற்றவர்கள் ஏசினால் ஒரு வரி வந்தால், அவர் ஏசினால் ஒரு பத்தி வரும். அது ஏன் என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் யாரோ சொன்னார்கள், நாம் எல்லாரையும் பார்த்தாயிற்று, கோமதி அண்ணாச்சிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கவேண்டாமா என்று. அதைப்போல உற்சாகமான கூட்டம் கொடைக்குக்கூடக் கூடியதில்லை. அவரை ஏசுவதற்கு யாருக்கும் ஒத்திகை தேவைப்படவில்லை. முதலில் மாடசாமி ஏசினான். குழாய் பேசவில்லை. தவசிமுத்து ஏசினான். பேசவில்லை. நானும் ஏசினேன். ஆள் மாற்றி ஆள் வந்து தொண்டை கட்டும்வரைக்கும் ஏசினோம். குழாய் முனகக்கூட இல்லை, வேப்பமரத்தில் அது பாட்டுக்கு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தோம். கோமதிநாயகம் கடைப்படியில் கோணி ஊசியோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு குறையும் சொல்லாமல் கடையைப் பூட்டிக்கொண்டு போனார். அவர் குறை சொல்லாமல் போவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தோம், எங்கள் சிரிப்பு பாதியில் நின்றது.

அவருக்குச் செண்பகம் என்று ஒரு மகள். தாயில்லாப் பெண், தையல் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற வேலை. பால் சொசைட்டியில் வேலைபார்க்கும் ஒரு பையனும் அவளும் பஸ் ஸ்டாப்பில் பார்த்துப் பழகி, பெரியவர்கள் காதுக்கு முறையாகக் கொண்டுபோய், இரண்டு வீட்டிலும் சரியென்று சொல்லியிருந்தார்கள். பையனின் அம்மா சங்கரவடிவு கெட்டிக்காரி, நாலு ஊர்ப் பேச்சு அவள் காதில் விழும். குழாய் வாய் திறக்காத ஒரே மனுஷன் அந்த ஊரில் செண்பகத்தின் அப்பாதான் என்ற பேச்சும் விழுந்தது. ஐப்பசியில் ஆட்களோடு வருகிறேன், என் காதுபட அந்தக் குழாய் ஒரு வார்த்தை நல்லது சொன்னால் பூ வைக்கிறேன், இல்லையென்றால் எழுந்து போய்விடுவேன், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

செண்பகம் நேரே தவசிமுத்து கடைக்குப் போனாள். அந்தக் குழாயைக் கீழே போட்டு உடைத்துவிட்டால் என்ன என்று கேட்கத்தான் போனாள். போன இடத்தில் குழாய் மேசைமேல் இருந்தது, மைக் பக்கத்தில் இருந்தது, அவளுக்கு ஆத்திரமும் இருந்தது. யாரையும் நிம்மதியாக விடாத மனுஷன், என் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுத்துவிட்டார் என்று அப்பாவை ஏசினாள். குழாய் அவள் குரலில் பேசியது.

“மழை வந்தா எங்கப்பா கிழியாத சாக்காப் பாத்து எடுத்துட்டுப் போயி, பிள்ளைங்க வழுக்கி விழாம பள்ளிக்கூட வாசல்ல விரிச்சிட்டு வருவாரு.”

தவசிமுத்து மைக்கைப் பிடுங்கி, அவசர அவசரமாகத் தானும் கோமதிநாயகத்தை ஏசிப் பார்த்தான். குழாய் மௌனம். அவளிடம் கொடுத்தான், அவள் ஏசினாள், குழாய் இன்னொன்று சொன்னது. அவன் ஏசினான், மௌனம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“குழாய்க்கு ஒண்ணும் தெரியாது மாமா,” என்றாள் செண்பகம். “ஏசுறவங்க கண்ணால பாத்து வச்சதத்தான் அது எடுத்துச் சொல்லுது. எங்கப்பாகிட்ட ஒண்ணுமில்லேன்னு இல்ல. நீங்க யாரும் எங்கப்பாவப் பாத்ததே இல்ல.”

தவசிமுத்து தெருவுக்கு வந்து இதைச் சொன்னான். பள்ளிக்கூட வாசல் சாக்கில் நாங்கள் எல்லாரும் கால் துடைத்திருக்கிறோம். பள்ளிக்கூடம் போட்டது என்று நினைத்திருந்தோம், அல்லது எதுவும் நினைக்காமல் துடைத்திருந்தோம். சாக்குச் சமாச்சாரம்தான் தெரிந்துவிட்டதே என்று மாடசாமி உடனே மைக்கில் போய் ஏசிப் பார்த்தான். குழாய் அசையவில்லை. காதால் கேட்டது அதற்குக் கணக்கில்லை. பார்த்திருக்க வேண்டும்.

அப்படித்தான் எங்கள் தெரு கோமதிநாயகத்தைப் பார்க்க ஆரம்பித்தது. வேண்டாத சாக்கை விலை கேட்கிற சாக்கில் போய் உட்கார்ந்து பார்த்தார்கள், கடைக்கு எதிரே செருப்பு தைக்கக் கொடுத்துவிட்டுப் பார்த்தார்கள், மழை வந்தபோது குடையோடு பள்ளிக்கூட வாசலில் போய் நின்று பார்த்தார்கள். நான் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, கம்பிகளுக்கு இடையில் அவரைப் பார்த்தேன். சந்தைச் சரிவில் வண்டிக்காரர்கள் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு எடுக்காமல் போன கற்களை, அவர்கள் பரம்பரையையே ஏசிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் காலால் தள்ளி ஓரத்தில் சேர்த்துக்கொண்டு போனார். அந்தச் சரிவில்தான் பிள்ளைகள் பிரேக் பிடிக்காமல் சைக்கிளில் இறங்கும். சரிவில் விழுந்து வளைந்த சக்கரங்கள் என் கடைக்கு வந்து ரொம்ப நாளாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவருக்கோ எரிச்சல் தாங்கவில்லை. என்னவே, எல்லாரும் என் மூஞ்சியில சினிமாவா ஓடுதுன்னு பாக்கீங்க என்று கேட்டார். இதையும் நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மழை விட்ட காலையில், சங்கரவடிவு ஒரு வேனில் ஆட்களோடும் பலகாரத் தட்டுகளோடும் வந்து இறங்கினாள். வேப்பமரத்தடியில் பாய் விரித்திருந்தோம். கோமதிநாயகம் வேட்டியை இஸ்திரி போட்டுக் கட்டியிருந்தார், அந்த இஸ்திரியும் சரியில்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தார். செண்பகம் மரத்துக்கு எதிரே தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் தலையில் பூ இல்லை, வைத்தால் அது மாப்பிள்ளை வீட்டார் வைத்ததாகத்தான் இருக்கவேண்டும் என்று இருந்துவிட்டாள்.

மாடசாமி மைக்கைப் பிடித்தான். அங்கேதான் நாங்கள் எதிர்பாராத சங்கடம் வந்தது. அவனுக்கு ஏச்சு வரவில்லை. இத்தனை நாள் பார்த்ததில் ஏசுவதற்கு மனசு கூடவில்லை. கோமதி அண்ணாச்சி வந்து, அவர் கொஞ்சம், என்ன சொல்ல, சத்தமாப் பேசுவாரு என்று இழுத்தான். இது ஏச்சில் சேராததால், குழாய் அவன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னது. தவசிமுத்து முயன்றான். சாக்கு அண்ணாச்சி என்பதற்குமேல் அவனுக்கும் ஓடவில்லை. சங்கரவடிவின் முகம் மாறியது. தெருவே கூடிப் பேசி வைத்துக்கொண்டு நாடகம் போடுகிறீர்கள், ஏசத் தெரியாதவர்களைக் கொண்டு வந்து நிறுத்தி என்னை ஏமாற்றுகிறீர்கள் என்று சொல்லி அவள் பாயிலிருந்து எழுந்தாள். தெருவில் சேராத ஒரு ஆள் வந்து மனசாரத் திட்டட்டும், அப்போது கேட்கிறேன் என்றாள்.

அப்போது எனக்கு லூர்தம்மாள் ஞாபகம் வந்தது. மூடிக்கிடக்கும் பஞ்சு மில் வாசலில் டீக்கடை வைத்திருப்பவள், கோமதிநாயகத்திடம் நிறைய ஏச்சு வாங்கியவள், கடையை விட்டு எங்கேயும் வராதவள், இந்தக் குழாய்க் கதையைக் காதால் கேட்டவள் மட்டும். சைக்கிளில் போய்ப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன். யாரை ஏசணும் என்று வழியில் கேட்டாள். சொன்னேன். அப்படியா, கொஞ்சம் வேகமா மிதிங்க அண்ணாச்சி என்றாள்.

அவள் மைக்கை வாங்கியதும் ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்தாள். கழுநீர் என்பானாம் என் டீயை, மாட்டுக்கு வைத்தால் மாடு கோபிக்கும் என்பானாம், இஞ்சி எங்கே என்பானாம், ஏலக்காயைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா என்பானாம், இத்தனை வருஷத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள் நல்லாயிருக்கு என்று அந்த வாய் சொன்னதுண்டா, நாக்கா அது, கோணி ஊசியா என்று அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். கோமதிநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே குழாய் கரகரத்தது.

“மில்லு மூடுனப்புறம் என் கடைக்கு வர்றதுக்கு ஆளு கிடையாது. இவரு கடைக்குப் பக்கத்துலயே நல்ல டீக்கடை ரெண்டு இருக்கு. ரெண்டையும் தாண்டி, அம்புட்டுத் தூரம் நடந்து, வெயிலு மழை பாக்காம தெனம் வாராரு. ஏசிக்கிட்டே குடிக்காரு. தம்ளர்ல ஒரு சொட்டு வச்சதில்ல.”

லூர்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அட, ஆமா என்றாள், மைக் இல்லாமல், தனக்குத்தானே.

சங்கரவடிவு உட்கார்ந்தாள். பூத்தட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினாள். ஆனால் கோமதிநாயகம் எழுந்துவிட்டார். கொஞ்சம் பொறுங்க, எங்க வீட்ட மட்டும் தராசுல வச்சா போதுமா என்று கேட்டுவிட்டு அவர் மைக்கைக் கையில் எடுத்தபோது, செண்பகம் கதவுக்குப் பின்னால் கண்களை மூடிக்கொண்டாள். சம்பந்தி அம்மாளை அவர் ஏச ஏச, பாயில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்ப்பேச்சை நம்பி வந்தவள் என்றார், பிள்ளைக்கு ஆசைப்பட்டதைக் கொடுப்பதற்குக்கூடக் குழாயைக் கேட்கிறவள் என்றார், தட்டில் அடுக்கிய லட்டுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை என்றும் சொன்னார். அவளைப் பார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, இவர் எதைப் பார்த்திருக்கப்போகிறார், குழாய் ஊமையாகத்தான் இருக்கப்போகிறது என்று நான் நினைத்தேன். குழாய் அவர் குரலில் பேசியது.

“வேன விட்டு எறங்குனதும் இந்தம்மா தட்டுல மேல இருந்த லட்ட எடுத்து முதல்ல டிரைவர் கையில குடுத்தாங்க. காலையில நீ ஒண்ணும் சாப்பிடலியேப்பான்னு கேட்டாங்க. தட்டுல எடம் காலியாத் தெரியுதேன்னு கவலப்படல.”

வேனில் சாய்ந்து நின்ற டிரைவர் கையைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டான், லட்டில் பாதி இன்னும் மீதி இருந்தது. சங்கரவடிவு கோமதிநாயகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“இத என் வீட்டு ஆளுங்களே பாக்கல, அண்ணாச்சி.”

“நான் பாத்தேன்,” என்றார் கோமதிநாயகம்.

அதன்பிறகு அவள் யாரையும் எதிர்பார்க்கவில்லை, தானே தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் செண்பகத்தின் தலையில் பூ வைத்தாள்.

கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. அன்றைக்குப் பந்தியில் யாரோ சமையல்காரரை ஏச, குழாய் அதை ஒரு எழுத்து விடாமல் ஊருக்குச் சொன்னது. இலைக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மரத்தைப் பார்த்தார்கள். ஏசியவர் கூசிப்போய், பருப்பு என்னமோ நல்லாத்தான் இருக்கு என்றார். அன்றோடு அதற்கு அந்தக் குணம் போய்விட்டது. எப்படி வந்தது என்று தெரியாததால் எப்படிப் போனது என்றும் நாங்கள் கேட்கவில்லை. தவசிமுத்து அதை மற்றக் குழாய்களோடு சேர்த்துக் கட்டி வாடகைக்கு விட்டான், கொஞ்ச நாளில் எது அது என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் யாரையாவது ஏச வாயைத் திறப்பவர்கள் இன்றைக்கும் ஒரு நொடி வேப்பமரத்தை நிமிர்ந்து பார்ப்பார்கள், எதையோ ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல. சிலர் பிறகு ஏசுவார்கள். சிலர் சும்மா இருந்துவிடுவார்கள்.

லூர்தம்மாள் கடைக்குத்தான் யோகம் அடித்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தெருவே திரண்டு மில் வாசலுக்கு டீ குடிக்கப் போக ஆரம்பித்தது. பெஞ்சு போதவில்லை, இன்னொரு பெஞ்சு போட்டாள். கோமதிநாயகம் ஒருவாரம் நின்றுகொண்டே குடித்தார், உட்கார இடமில்லை, சத்தம் தாங்கவில்லை, இதெல்லாம் ஒரு கடையா என்று ஏசினார். மறுவாரத்திலிருந்து அவரைக் காணவில்லை. லூர்தம்மாளுக்குக் கோபம்.

சந்தைக்கு ஒரு டியூப் வாங்கப் போனபோது நான் அவரைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மூத்திரச் சந்து தாண்டி, புதிதாக ஒருவன் டீக்கடை போட்டிருந்தான். அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. கோமதிநாயகம் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது டீயா, இல்லை சாக்கு ஊறவைத்த தண்ணியா என்று அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். நான் சைக்கிளை நிறுத்தி, அவர் குடித்து முடிக்கும்வரைக்கும் பார்த்தேன். தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாளைக்கு இஞ்சி போடு என்று சொல்லிவிட்டுப் போனார்.